ஆண்டறிக்கை, பக்கம் மூன்று

ஜனவரி பிறந்தால் டீன் அலுவலகத்தில்
சாதனைகளைத் தட்டச்சு செய்வது என் வேலை.
ஆளுக்கு ஐந்து கட்டம்:
கட்டுரை, நிதி, விருது, முனைவர் பட்டம், பிற.
"பிற" மிகவும் ஒடுக்கம்.
இருபது எழுத்தைத் தாண்டினால்
கணினியே நறுக்கிவிடும்.

வெளியே உலான்பாத்தர், மைனஸ் முப்பத்திரண்டு.
எதிர்க் கட்டடத்தைக் காணோம்.
அங்கேதான் இருக்கும் என்ற நம்பிக்கையில்
சாலையைக் கடக்கிறார்கள்
இரண்டாம் ஆண்டு செவிலியர் மாணவிகள்.

ஓயுன்சிமெக், நுரையீரல் துறை. கட்டுரை: ஒன்று.

மூன்று குளிர்காலம் சேர்ந்து ஒன்று.
மேட்டுக் குடியிருப்பில் கூடாரம் கூடாரமாய் ஏறி
நாய்களுக்கு ரொட்டி போட்டு
இருநூற்றுப் பதினான்கு பிள்ளைகளை
ஒரு பிளாஸ்டிக் குழாயில் ஊத வைத்தார்.
முள் நகர்ந்தால் ஒரு துண்டு தயிர்க்கட்டி.
நகராவிட்டாலும் ஒரு துண்டு.
ஆய்வு கெட்டுப்போகாதா என்று
நிதி கொடுத்தவர்கள் கேட்டார்கள்.
"தயிர்க்கட்டி தின்று நுரையீரல் வளர்ந்தால்
அதையும் எழுதிவிடுகிறேன்."

இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பின.
ஒன்றுக்கு மொழி சரியில்லை.
மற்றதற்கு மாதிரி சிறியது.
சிறியதுதான்.
ஆகச் சிறியதற்கு ஐந்து வயது,
இடது காலுறை நனைந்திருந்தது.

அடுத்து புரெவ்தோர்ஜ். நல்லாசிரியர் விருது.
காரணம் ஒரே வரியில் வேண்டும் என்கிறது படிவம்.
"புதுமையான கற்பித்தல் முறை" என்று அடித்தேன்.
நடப்பது என்னவென்றால்,
முதல் வகுப்பில் ஸ்டெதஸ்கோப்புகளை வாங்கிப் பூட்டிவிட்டு
ஆளுக்கொரு உறிஞ்சுகுழல் தருவார்.
மூக்கைப் பொத்திக்கொண்டு
குழல் வழியே மட்டும் மூச்சிழுத்து
நான்கு மாடி ஏற வேண்டும்.
போன வருடம் தெம்பெரெல்,
மல்யுத்தத்தில் மாகாணப் பதக்கம் வாங்கிய பையன்,
இரண்டாம் மாடியில் குழலைத் துப்பிவிட்டு
சுவரில் சாய்ந்து அழுதான்.
தேர்வில் "மூச்சுத்திணறல்: சிறுகுறிப்பு வரைக" என்ற கேள்விக்கு
ஒரு வரிதான் எழுதினான்:
என்னால் துப்ப முடிந்தது.
முழு மதிப்பெண். துறைக்குள் சச்சரவு,
மறுகூட்டல், இரண்டு கடிதம், ஒரு விசாரணை.
அறிக்கை இதைப் பற்றி மூச்சு விடாது.

இருநூற்றுப் பதினான்கில்
நூற்று முப்பத்தொன்று என் மகன்.
முதல் குளிரில் ஊதினான். இரண்டாம் குளிரிலும் ஊதினான்,
முள் கீழே இறங்கியிருந்தது.
மூன்றாவது வருவதற்குள்
அர்ஹாங்காயில் என் அண்ணன் வீட்டுக்கு
பஸ் ஏற்றிவிட்டேன்.
ஆகவே கட்டுரையின் நான்காம் அட்டவணையில்
"தொடர்பு அறுந்தோர்: ஒன்பது" என்ற வரியில்
அவன் இருக்கிறான்.

தொடர்பொன்றும் அறவில்லை.
ஞாயிறுதோறும் பேசுகிறான்.
குதிரைகளுக்கு மூச்சு வெள்ளையாய் வருகிறதாம்.
ராத்திரி நட்சத்திரம் சத்தம் போடுகிறதாம்,
அது ஆற்றுப் பனிக்கட்டி என்று மாமா சொன்னாராம்,
இவன் நம்பவில்லை.
எப்போது வரலாம் என்று
இப்போதெல்லாம் கேட்பதில்லை.

ஒன்றை ஒளிக்கக் கூடாது.
காலை ஐந்துக்கு எழுந்து
நானும் அடுப்பில் கரி அள்ளிப் போடுகிறேன்.
குழாய்த் தண்ணீர் உறையாமல் இருக்கவேண்டும்,
கணவரின் முழங்கால் மடங்கவேண்டும்.
போட்டுவிட்டுத்தான்
காற்று கெட்டுப்போன கதையைத்
தட்டச்சு செய்யக் கிளம்புகிறேன்.
அந்த முள்ளை இறக்கியதில்
ஒரு நூலளவாவது என் பங்கு.
இதற்குக் கட்டம் இல்லை. "பிற"வில் போட்டுப் பார்த்தேன்.
"வீட்டில் நானும் கரி எ" வரைக்கும் நின்றது.
அழித்துவிட்டேன்.

மாலையில் டீன் பக்கம் மூன்றைத் தூக்கி
விளக்குக்கு நேரே பிடித்தார்.
"கட்டுரை: ஒன்று" என்பதன் ஓரத்தில்
கறுப்பாய் ஒரு கட்டைவிரல் தடம்.
அச்சுப்பொறியில் மை கசிகிறதா என்றார்.
ஆமாம் என்றேன்.

கையைக் கழுவிக்கொண்டு
இன்னொரு பிரதி எடு என்றார்,
தன் கட்டைவிரலையும் ஒருமுறை
திருப்பிப் பார்த்தபடி.