கழுவிய கார்

இருபத்து மூன்று நாள் கடலில் கிடந்த
எங்கள் பழைய சாகா
பிரிமேண்டில் துறைமுகத்தில்
கன்டெய்னரின் வாயில் வந்து
வெயிலுக்குக் கண் கூசி நின்றது.
பேட்டரி செத்திருந்தது.
சக்கரத்துப் பட்டைகளை அவிழ்த்து
நான்கு பேர் தள்ளி இறக்கினார்கள்.
எங்களை அருகில் விடவில்லை.
மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்
ஆளுக்கொரு ஒளிரும் சட்டை மாட்டி
இரண்டடி தள்ளித் தள்ளி நின்றோம்,
நானும்
ஆறு வருடத்துக்கு முன்பு
என் கணவராயிருந்த சிற்றரசுவும்.

விவாகரத்தில் வீட்டைப் பிரித்தோம்,
வைப்பு நிதியைப் பிரித்தோம்,
பன்னிரண்டு எவர்சில்வர் தட்டில் ஆளுக்கு ஆறு.
காரை மறந்துபோனோம்.
கிள்ளானில் அவர் தங்கை வீட்டுக்குப் பின்னால்
ரப்பர் மரத்தடியில் அது நின்றிருந்தது,
பதிவுப் புத்தகத்தில் இருவர் பெயரோடு.
பெர்த்திலிருந்து சிட்னி வரை,
நடுவில் நல்லார்பர் வெளி:
இருபத்தெட்டு வயதில் போட்ட திட்டம்.
பிள்ளை வந்தது, கடன் வந்தது,
அப்புறம் பேச்சு நின்றுபோனது.

போன சித்திரையில் போன் செய்தார்.
"கார்னெட் எடுக்க உன் கையெழுத்தும் வேணுமாம்."
கையெழுத்துத்தானே என்று போனேன்.
போட்டுவிட்டு, பேனாவை மூடும்முன்
"நானும் வர்றேன்" என்றேன்.
ஏன் என்று இதுவரை அவர் கேட்கவில்லை.
கேட்டால் சொல்ல என்னிடமும் ஒன்றுமில்லை.

சோதனைக்கு வந்தவள் பெயர் கெர்ரி.
நெற்றியில் விளக்கு, கையில்
சக்கரம் வைத்த சின்னக் கண்ணாடி.
மண் கூடாது, விதை கூடாது,
இறகு, முட்டை, காய்ந்த எறும்புகூடக் கூடாது.
"மூன்று தடவை கழுவினேன்" என்றார் சிற்றரசு.
கழுவியிருப்பார்.
கண் படும் இடத்தையெல்லாம் மூன்று தடவை.
வக்கீலிடம் நான் இதைத்தான்
வேறு சொற்களில் சொன்னேன்.

பானெட் ஓரத்து இடுக்கு,
கதவின் அடிவிளிம்பு,
ஸ்பேர் டயர் உட்காரும் குழி:
அவள் எங்கே குனிவாள் என்று
அவளுக்கு முன்பே எனக்குத் தெரியும்.
குழியிலிருந்து எடுத்தாள்
ஒரு ரப்பர் விதையை.
பழுப்புப் புள்ளிகளோடு பளபளவென்று,
தரையில் தேய்த்து அடுத்தவன் தொடையில்
சூடு வைப்பார்களே பிள்ளைகள்,
அதே விதை.

"யாருடையது?"
அவர் என்னைப் பார்த்தார்.
நான் டயரைப் பார்த்தேன்.
"அவருடையது" என்று நானும்
"அவளுடையது" என்று அவரும்
ஒரே நேரத்தில்.
கெர்ரி சிரிக்கவில்லை.
சின்ன உறையில் போட்டு, எண் ஒட்டி,
உரிமையாளர் என்ற கட்டத்தில்
குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.
மறுபடி கழுவ நானூற்றுப் பன்னிரண்டு டாலர்.
பாதி பாதி கொடுத்தோம், சில்லறை வரைக்கும்.

பிற்பகலில் கடலிலிருந்து வரும் காற்றுக்கு
இந்த ஊரில் டாக்டர் என்று பெயராம்.
அது எங்கள் சிப்ஸ் பொட்டலத்தைப் புரட்டிப் பார்த்தது.
மிச்சத்தைக் கடல்காக்கைகள் தின்றன.
அன்று இரவு தனித்தனி அறை.
மறுநாளும்.

மூன்றாம் நாள்
நீராவி அடித்துத் திருப்பித் தந்தார்கள்.
உள்ளே எந்த வாசனையும் இல்லை.
மகள் வாந்தியெடுத்த பின்சீட்டு,
மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன
இரவின் டெட்டால்,
எல்லாம் போய்
யாரோ ஒருவருடைய கார்.
இடப்பக்கக் கதவு மட்டும்
இன்னமும் தூக்கிச் சாத்தினால்தான் சாத்துகிறது.
ஒரு மழைநாளில் நான் அறைந்து இறங்கியதில்
இளகிய கீல்.
அதை நீராவி ஒன்றும் செய்யவில்லை.

ஒரு வருடத்துக்குள் வண்டி
நாட்டை விட்டுப் போயாக வேண்டும் என்கிறது கார்னெட்.
எங்களைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

"நார்ஸ்மன் வரை நான் ஓட்டுறேன்."
சாவியைத் தந்துவிட்டு
அந்தப் பக்கம் சுற்றிப் போய்
கதவைத் தூக்கிச் சாத்தினார்,
சொல்லிக்கொடுக்காமலே.

நூற்று நாற்பத்தாறு கிலோமீட்டர்
ஒரு வளைவும் இல்லாத சாலை வருமாம்.
அதில் யார் ஓட்டுவது என்று
கிள்ளானிலேயே சண்டை போட்டாகிவிட்டது.

சீட்டை முன்னால் இழுத்தேன்.
வரவில்லை.
அவர் கால் நீளத்துக்கு இறுகிப்போயிருந்தது.
இன்னொரு தடவை இழுத்தேன்,
இரண்டு பல் நகர்ந்தது.