எந்தத் திராவிடுலு?

நகரி தாசில்தார் ஆபீசில் மூன்றாம் தடவை.
மகளுக்குச் சாதிச் சான்றிதழ்.
முதல் இரண்டு தடவையும் தூணோரம் நின்றேன்.
தறிக்காரிக்கு நிற்பது புதிதல்ல.

குமாஸ்தா மார்க்கண்டேய சர்மா
மனுவை விரலால் மேய்ந்துகொண்டே வந்து
தாய் பெயர் என்ற இடத்தில் நின்றார்.
கண்ணாடியைக் கழற்றினார். எழுந்தார்.
"ஏ திராவிடுலும்மா மீரு?
புதூரா, பேரூரா, ஆராமமா?"
பக்கத்து மேசை நாற்காலியை
அவரே இழுத்துப் போட்டார்.

உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் திராவிடராணி.
எழுபத்தொன்று மார்ச்சில், பள்ளிப்பட்டில்,
ஜெயித்தவர்களின் வெடிச்சத்தத்தில் பிறந்தேனாம்.
அப்பா சடையப்பன் ஐயரைக் கூப்பிடவில்லை.
பெஞ்சைப் போட்டு, மைக் வைத்து,
பேர் சூட்டினார்.
இந்தப் பேரைக் கேட்டதும்
யார் யார் நாற்காலி ஆட வேண்டும் என்று
அவரிடம் ஒரு பட்டியல் இருந்தது.
அந்தப் பட்டியலில் இருந்து ஒருவர்தான்
எனக்கு இப்போது நாற்காலி போட்டது.

"நாங்களும் திராவிடுலுதான்" என்றார் தெலுங்கில்.
முந்நூறு வருஷம் முன்னால்
காவிரிப் பக்கமிருந்து ஏட்டுக்கட்டோடு வந்தார்களாம்.
தெற்கத்திப் பிராமணர் என்று பிரித்துச் சொல்ல
இந்த ஊர் ஒட்டிய சீட்டாம் அது.
தமிழில் ஓரெழுத்தும் தெரியாது அவருக்கு.
"சாம்பாரில் மட்டும் மிச்சம்" என்று சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
நாற்காலிக்காகவா என்று தெரியவில்லை.

எங்களை இங்கே சொல்வது வேறு சொல். அரவம்.
எங்கள் வாயில் அது பாம்பு, இல்லையென்றால் இரைச்சல்.
நாற்பது விசைத்தறி ஓடுகிற தெருவிலிருந்துகொண்டு
இரண்டாவது அர்த்தத்தை நான் மறுத்ததில்லை.

அப்பா எங்கோ மேடையில் கேட்டுவந்து சொல்வார்:
தமிழ் என்ற சொல்தான் வடக்கே நடந்துபோய்
வாய்க்கு வாய் புரண்டு
தமிளம், த்ரமிளம், த்ராவிடம் என்று
அடையாளம் தெரியாமல் வீடு திரும்பியது.
ஒரு பாதிரி அதைத் துடைத்தெடுத்து
ஒரு பாஷைக் குடும்பத்துக்கே வைத்தார்.
இந்தத் தெலுங்கும் அதற்குள்தான், ராணி.
பிறகு நாங்கள் கொடியில் கட்டினோம்.
கொடி கிழிந்தபோது ஒவ்வொரு துண்டிலும்
அதே பெயர் முழுசாக இருந்தது.
துணி நெய்கிறவர்; அதுமட்டும் எப்படி என்று
கடைசிவரை யோசித்தார்.

தேஜஸ்வினி சென்னை ஹாஸ்டலிலிருந்து சொல்கிறாள்:
"எங்க ஃப்ளோர்ல அது வசவும்மா.
கீழ் ஃப்ளோர்ல வாழ்த்து.
உன் பேரைக் கேட்டா
ராணின்னு மட்டும் சொல்லிடறேன்."

"பேரூரா?" சர்மா இன்னும் காத்திருந்தார்.
"செங்குந்தர். பிசி" என்றேன்.
"அப்பா கட்சிக்காரர்."
அவர் கண் நாற்காலியின் காலுக்குப் போனது.
ஒரே ஒரு தடவை.
எழு என்று சொல்லவில்லை.
டீ ஒன்றுதான் வந்தது.
முன்னமே சொல்லி வைத்ததாகவும் இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை கைக்கு வந்த சான்றிதழில்
தாய் பெயர்: ராணி.
சாதி: திராவிட.
கம்ப்யூட்டர் பையன் நடுவில் ஒரு இடைவெளி தட்டி
முன்பாதியை அடுத்த கட்டத்தில் போட்டிருக்கிறான்.
முத்திரை, பார்கோடு, கையெழுத்து எல்லாம் சரி.
அப்பா போய்ப் பதினோரு வருஷம்.
இதைக் காட்டியிருந்தால் கிழித்திருப்பார்.
கிழிப்பதற்கு முன் யாரும் பார்க்காதபோது
கொஞ்சம் சிரித்தும் இருப்பார்.

திருத்த மனுவோடு நாலாம் தடவை.
சர்மா லீவு.
அந்த நாற்காலியில் கோப்பு அடுக்கியிருக்கிறார்கள்.
தூணோரம் நிற்கிறேன்.
ஜன்னலில் நகரி மலை
மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது,
எந்த மாநிலத்துக் காற்று என்று பாராமல்.