வரவுப் பக்கம்

இரவு பத்து முப்பத்தொன்று.
ஹோய்னி, கடைசி நிறுத்தம்.
டிராமின் விளக்குகளைப் பாதி அணைத்துவிட்டு
ஓட்டுநர் இருக்கையில் சட்டையை உயர்த்தி
தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி
தோலைக் கிள்ளிப் பிடிக்கிறேன்.

முட்டையை விடுவிக்கும் ஊசி.
முப்பத்தாறு மணி நேரம் கழித்து எடுப்பார்கள்.
முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது
என்று மூன்று முறை சொன்னார் மருத்துவர்.
பதினான்கு வருடமாய் என் பிழைப்பே அதுதான் டாக்டர்
என்று சொல்ல நினைத்து
சரி என்று மட்டும் சொன்னேன்.

பச்சை அட்டை நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன்.
இடப்பக்கம் வரவு. வலப்பக்கம் செலவு.
வலப்பக்கம் நிரம்பி
அடுத்த தாளுக்குப் போய்விட்டது.

மாத்திரையில்தான் ஆரம்பித்தோம்.
ஐந்து நாள், நாற்பது ஸ்வோட்டி,
ஒரு பீட்சாவை விட மலிவு என்றான் ராடெக்.
முட்டை வளர்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன்
ஒவ்வொன்றும் இருநூறு என்பதை
யாரும் முதலில் சொல்லவில்லை.
ஏழு மாதத்தில்
கோபம் மட்டும்தான் வளர்ந்தது எனக்குள்.
தண்டவாளத்தில் வந்த சைக்கிள்காரப் பையனை
மணியடித்தே அழவைத்தேன்.

அப்புறம், அவன் விந்தைக் கழுவி
மெல்லிய குழாய்வழியே உள்ளே விடுவது.
கழுவி என்றதும்
ராடெக் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.
நகக்கண்ணில் போகாத கிரீஸ்.
தடவைக்கு ஆயிரத்து நூறு, நான்கு தடவை.
மூன்றாவதுக்குத் தள்ளுபடி உண்டா என்று கேட்டான்.
பணம் வாங்கும் பெண்
சிரிக்கலாமா என்று தெரியாமல் பேனாவைத் தேடினாள்.

இப்போது பெரிய செலவு.
சிகிச்சைக்குப் பதினோராயிரம்.
ஊசி மருந்து தனி, நாலாயிரம்.
மயக்க மருந்து தனி.
மிஞ்சும் கருவை உறையவைத்தால்
வருடம் அறுநூறு வாடகை:
மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியில்
ஜன்னலில்லாத ஓர் அறை.
அரசு இந்த வருடம் ஒரு காசும் தராது.

மோட்டார் சைக்கிள் போயிற்று.
கடன் விண்ணப்பத்தில் 'நோக்கம்' என்ற கட்டத்தில்
வீடு விரிவாக்கம் என்று எழுதினான் ராடெக்.
பொய் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் ஊரின் பெயருக்கு ஓடம் என்று பொருள்.
ஓடம் விட ஆறில்லை.
இருந்த ஆறுகளைக் குழாயில் அடைத்து
தெருக்களுக்கு அடியில் ஓடவிட்டிருக்கிறார்கள்.
மழை நாளில் மூடிகளுக்குக் கீழே சத்தம் கேட்கும்.
ஏதோ இருக்கிறது என்பதற்கு
அந்தச் சத்தம் போதும்.

பத்து முப்பத்தைந்து.
ஊசி உள்ளே போகிறது.
பத்து எண்ணவேண்டும்.
ஆறு எண்ணும்போது கண்ணாடியைத் தட்டுகிறார்கள்.

மூன்றாவது பெட்டியில் தூங்கிப்போன ஆள்.
குடித்திருக்கிறான். தொப்பியைக் காணோம்.
என் வயிற்றையும் ஊசியையும் மாறிமாறிப் பார்க்கிறான்.
ஏழு. எட்டு.

"வேண்டாம் அம்மணி" என்கிறான்.
"நானும் அப்படிக் கிடந்தவன்தான்.
விட்டுடலாம். விட முடியும்."
அவன் கண் கலங்குகிறது. எனக்குச் சிரிப்பு முட்டுகிறது.
சிரித்தால் ஊசி நகரும்.
ஒன்பது. பத்து.

ஊசியை மஞ்சள் டப்பாவில் போடுவதற்குள்
கதவிடுக்கின் வழியே ஒரு நாணயத்தை நீட்டுகிறான்.
ரொட்டி வாங்கிச் சாப்பிடு என்கிறான்.
இது என்னவென்று சொல்ல வாயெடுத்தேன்.
மாத்திரை, குழாய், முட்டை, வாடகை,
எங்கிருந்து தொடங்குவது?
வாங்கிக்கொண்டேன்.
அவன் பனியில் இறங்கி
தப்பான திசையில் நடந்தான்.
மணியடித்துக் கூப்பிட்டுத் திசையைக் காட்டினேன்.

பத்து நாற்பத்திரண்டுக்குக் கிளம்பவேண்டும்.
நோட்டை ஸ்டியரிங் இல்லாத மேசைமேல் விரித்தேன்.
மூன்று வருடமாக வெறுமையாயிருந்த இடப்பக்கத்தில்
தேதி போட்டு எழுதினேன்:

ஐந்து ஸ்வோட்டி.
ரொட்டிக்கு.