பதினோரு விநாடி

மூன்றாம் பாகம், முப்பத்திரண்டாவது நிமிடம்.
நாயகனின் கப்பல் திரை முழுக்கத் திரும்புகிறது.
அதன் வாலுக்குப் பின்னே
இடமிருந்து வலமாக ஒன்று போகிறது.
வசனமில்லை, பெயரில்லை,
பதினோரு விநாடி.
அப்புறம் அந்தத் தொடரில் அது எங்கும் வரவில்லை.
வெடிக்கக்கூட இல்லை.
வெடித்திருந்தால் யாராவது பேராவது வைத்திருப்பார்கள்.

நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம்.
உருண்ட வயிறு, சப்பை மூக்கு,
பின்னால் தொங்கும் ஒரு குழாய்.
பக்கவாட்டில் எண்: ஏழு, பிறகு வெறும் புள்ளிகள்.
'தண்ணி லாரிடா இது' என்றான் இம்மானுவேல்.
ஓட்டேரிக்காரனுக்குத் தெரியாததா?
அண்டத்தில் எத்தனை போர் நடந்தாலும்
யாரோ குடிதண்ணீர் கொண்டுபோகத்தானே வேண்டும்.

கோடவுன் தெருவில் பன்னிரண்டு மீட்டர் கறுப்புத் துணி.
'கண்டனக் கூட்டமா தம்பி?'
'இல்லைங்க, ஆகாயம்.'
மீட்டருக்கு இரண்டு ரூபாய் குறைத்தார்.

வயிற்றுக்கு,
இம்மானுவேலின் அக்கா எஸ்தர் பார்க்காத நேரம்
இரண்டு பிளாஸ்டிக் குடங்கள்;
வாயோடு வாய் வைத்து இன்சுலேஷன் டேப்.
ஒன்று பச்சை, ஒன்று ஆரஞ்சு, மேலே சாம்பல் பெயிண்ட்.
மூக்குக்குச் சோப்பு டப்பா.
ஜன்னல்களைத் தில்ஷாத் கொண்டுவந்தாள்,
அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையின்
காலி மாத்திரை அட்டைகள்,
சர்க்கரைக்கு, கொதிப்புக்கு, தைராய்டுக்கு.
குழிக்கு ஒரு மாலுமி என்று கணக்கு.
ஏழுக்குப் பிறகு
எங்கள் தெருவுக்கு வரும் லாரியின் மிச்ச எண்ணை எழுதினோம்.
தொங்கவிடக் காசிமேட்டுத் தூண்டில் நரம்பு.

பகலில் நான் கம்பி அழிக்கிறவன்.
வடபழனியில், ஏசி குளிரில்,
எந்த தேசத்து நாயகனோ பறக்க
அவன் முதுகுக் கம்பியை ஃபிரேம் ஃபிரேமாய்த் துடைப்பேன்.
என் வேலை சுத்தமாயிருந்தால்
நான் இருந்ததே தெரியாது.
இந்தக் கப்பலை ஏன் பிடித்துக்கொண்டாய் என்று
யாரும் கேட்கவில்லை.

மொட்டைமாடி. மே மாதம்.
புழுக்கத்தில் பசை விட்டு மூக்கு இருமுறை விழுந்தது.
நட்சத்திரத்தைவிடப் பெரிய கொசு
லென்ஸில் இறங்கி நிதானமாக நடந்தது.
ஒவ்வொரு டேக்கிலும் பேசின் பிரிட்ஜ் பக்கமிருந்து ஒரு ரயில்.
வெற்றிடத்தில் ஒலி கிடையாது, விடு என்றோம்.

நாலாம் இரவு, நாலரை மணி.
கப்பல் ஒருவழியாக ஆடாமல் நகர்ந்துகொண்டிருந்தது.
கீழே லாரி ஹாரன்.
'டேய், குடம் எங்கடா?'

எஸ்தர் அக்கா மாடியேறி வந்தாள்.
ஆகாயத்தைப் பார்த்தாள்.
அதன் நடுவில் தன் குடங்களைப் பார்த்தாள்.
திட்டுவாள் என்று நின்றோம்.
நரம்பைப் பல்லால் கடித்து அறுத்தாள்,
டேப்பை உரித்தாள்,
இடுப்புக்கு ஒன்றாய்க் கப்பலைத் தூக்கிக்கொண்டு
படியிறங்கிப் போனாள்.

தில்ஷாத் கேமராவை நிறுத்தவில்லை.
கைப்பிடிச் சுவரில் வயிற்றைச் சாய்த்துக் கீழே பிடித்தாள்:
தெருவிளக்கில் வரிசை,
லாரியின் உருண்ட வயிறு, தொங்கும் குழாய்,
ஜன்னல்களோடு நிரம்பிக்கொண்டிருக்கும் பாதிக் கப்பல்.
பின்னால் நின்ற பையன்
மாலுமிகளை ஒவ்வொருவராய் அமுக்கிப் பார்த்தான்.

எடிட்டில் எண்ணினேன்.
பதினோரு விநாடிதான் வைப்பதாகத் திட்டம்,
பத்தொன்பது வருகிறது. குறைக்கவில்லை.
அறுந்த நரம்பு ஒன்று குடத்திலிருந்து நீண்டு
விளக்கில் இரண்டு முறை மின்னுகிறது.
அழிக்க அரைமணி போதும் எனக்கு.
'தெரியுதே' என்றாள் தில்ஷாத்.
தெரியட்டும்.

ஆரஞ்சுக் குடத்தில் சாம்பல் பெயிண்ட் இன்னும் போகவில்லை,
ஒரு மாத்திரை அட்டையும்.
அதில் பிடித்த தண்ணீரில்தான்
நேற்று எங்களுக்கு டீ.
தம்ளரை நீட்டியபடி அக்கா கேட்டாள்:
'என் குடம் எத்தினி நிமிஷம் வருது?'