ஓர் ஏகாரம்

மண்டபம் டோக்கன் ஆபீசில்
காலை ஐந்துக்குச் சீட்டுக் கிழிக்க உட்கார்வேன்.
ஒன்பதுக்கு மேல் ஆள் வராது.
பழைய பதிவேட்டின் பின்பக்கத்தில்
கதை எழுதுவேன்.

நாலாம் பக்கத்தில் ஒரு மீனவன் மனைவி.
எமல்டா என்று பேர் வைத்து
ஒன்பது வரி பேசவிட்டிருந்தேன்.
"நீங்கள் இல்லாத இந்தக் கரையில்
அலைகூட எனக்கு அந்நியம்" என்கிறாள் ஓரிடத்தில்.
எழுதிவிட்டு நானே ரெண்டு தரம் வாசித்துக்கொண்டேன்.

நேற்றுக் கச்சான் தூக்கியடித்தது.
பதினாலு படகு முயல் தீவுப் பக்கம் ஒதுங்கிவிட்டதாக
வயர்லெஸ்ஸில் சொன்னார்கள்.
ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் சனம்.
டீசல் எவ்வளவு இருக்கும், ஐஸ் தாங்குமா,
ஓனருக்குச் சொல்லியாச்சா.
கடைசியாக, இடுப்பில் பையனோடு
சேசுராசு சம்சாரம்.

"சார், இன்னைக்கே வருவாகளா?"

"காத்து அடங்கணும்மா. நாளைக்குத்தான்."

"சரி சார்."

அவள் நகர்ந்ததும் அவசரமாகக் குறித்தேன்:
இன்னைக்கு வருவாகளா.
பக்கத்தில் 'ஏக்கம்' என்று எழுதி
அடிக்கோடும் போட்டேன்.

கேட்டுக்கு வெளியே அவள் பையனிடம் சொன்னதைக்
காற்றுதான் கொண்டுவந்து
என் மேசையில் போட்டது.
"அப்ப இன்னைக்குப் புரோட்டாடா."

ஏகாரத்தை விட்டுவிட்டேன்.
ஒரு இரட்டைக் கொம்பு.
'கு'வுக்கும் 'கே'வுக்கும் நடுவே
முழுசாக ஒரு வீடு நிற்கிறது,
அதன் தாழ்ப்பாள் சத்தத்தோடு.

எமல்டாவின் புருஷனை
நல்லவனாகத்தான் எழுதியிருந்தேன்.
ரெண்டாம் பக்கத்தில் அவன் வாய் திறக்கும் ஒரே இடம்:
"வெஞ்சனம் ஆறிப்போச்சு."
இரவாகிவிட்டது என்று காட்ட
சும்மா வைத்த வரி.
இப்போது வாசித்தால்
தட்டைத் தள்ளும் சத்தம் கேட்கிறது.
நான் எழுதவில்லை அதை.
நான்தான் எழுதியிருக்கிறேன்.

ஒன்பது வரியையும் அடித்தேன்.
புரோட்டாவை வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்கு வீட்டிலிருந்து போன்.
சாப்பிட வருவதைப் பற்றி ஏதோ கேட்டாள்.
"ம்" என்றேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது.
மத்தியானம் வருவீங்களா என்றாளா
மத்தியானமே வருவீங்களா என்றாளா?
இங்கே தகரக் கூரை
ஒரே ஆட்டமாக ஆடிக்கொண்டிருக்கிறது,
சரியாகக் கேட்கவில்லை.

என் பங்குக்கு நான் பேசியதோ
ஒரே ஒரு மெய்யெழுத்து.