பதினாலு மில்லிமீற்றர்

மாங்குளம் சந்தியில், பின்னேரம் மூன்று மணி.
வெள்ளைக் கார் ஒன்று நொண்டாமல் நொண்டி வந்து நின்றது.
மல்லாவி மில்காரரின் மகன், மதுரகன்.
கனகராயன்குளத்தில் நெல்லு லொறியை முந்தப் போக
இஞ்சின் மூச்சை விட்டதாம்.
காய்ந்த தார். மழையில்லை, மணலில்லை.
மஞ்சள் விளக்கு மட்டும்
வழுக்குது வழுக்குது என்று மின்னியதாம்.

"சென்சர் பிழை அக்கா, கழட்டி எறியுங்கோ."

நான் சென்சரைத் தொடவில்லை.
குந்த ஏலாது எனக்கு. வாங்கை இழுத்துப் போட்டு இருந்து
பின்சில்லின் பக்கத்தை வாசித்தேன்:
285, முப்பது, பத்தொன்பது.
கொழும்பில் போட்டது.
அகலம் கேட்டிருக்கிறான், அகலம் கொடுத்திருக்கிறார்கள்.
உயரத்தை ஒருவரும் கேட்கவில்லை.

சோக்கால் சீமெந்தில் கணக்குப் போட்டேன்.
கொம்பனி விட்ட நாளில் பின்சில்லு
முன்சில்லைவிடப் பதினாலு மில்லிமீற்றர் பெரிசு.
அது கொம்பியூட்டருக்குத் தெரியும்.
அந்தப் பதினாலைக் கழித்துவிட்டுத்தான்
அது றோட்டைப் பார்க்கும்.
இப்போது பின்சில்லு ஏழரை குறைவு.

"ஏழரையோ?" என்று சிரித்தான். "சனிதான்."

சின்னச் சில்லு கூடச் சுத்தும்.
கூடச் சுத்தினால் வழுக்குது என்றுதான்
அதுக்குப் படிப்பித்திருக்கு.
பாவம், உன்னைக் காப்பாற்றத்தான்
உன்ரை இஞ்சினின் கழுத்தைப் பிடித்தது.

"அப்ப நாலையும் ஒரே அளவாப் போடுவமோ?"

இடது காலில் ஸ்பானரால் தட்டினேன்.
சத்தத்தில் விளங்கிக்கொண்டான்.
யாழ்ப்பாணத்தில் அளந்து செய்தது.
வலதைவிட எட்டு மில்லிமீற்றர் கட்டை, வேணுமென்றே,
நிலத்தில் இழுபடாமல் வீசி வர.
போன வருசம் புதுப் பொடியன் ஒருத்தன்
பிழையென்று நினைத்துச் சரிசமமாக்கிவிட்டான்.
ஒரு கிழமை
ஒட்டுசுட்டான் றோட்டு முழுக்கத் தடக்கினேன்.

முன்னுக்கு 265, முப்பத்தைந்து.
பின்னுக்கு 285, முப்பத்தைந்து.
அவன் கேட்ட அகலமும் இருக்கு,
நடுவில் அதே பதினாலும் இருக்கு.
நாலும் புதிசு என்றதும் முகம் கறுத்தது.
தகப்பனுக்குப் போன் எடுத்தான்,
கனநேரம் வேலிப்பக்கம் நின்று கதைத்தான்.

ஐந்தாம் நாள் கொக்காவில் வரை ஓடிப் பார்த்தோம்.
கோபுரம் தெரிகிற நேர்றோட்டில் மிதித்தான்.
விளக்கு எரியவில்லை.
நான் மட்டும் கதவுப்பிடியைப் பிடித்திருந்தேன்.

கழட்டிய ரெண்டு ரயரும் கடை வாசலில் கிடக்கு.
உழவு மெசினுக்கும் உதவாது, ஓட்டோவுக்கும் உதவாது.
நேற்றைய மழைத்தண்ணியை எட்டிப் பார்த்த
சுகாதாரப் பரிசோதகர்
நுளம்புக் குஞ்சுகளை எண்ணி
தண்டத் துண்டு என் பெயரில் எழுதுகிறார்.