வாய்தா

மூன்று நாளுக்குள் டாக்டர் பார்த்தாக வேண்டும்.
பார்த்தார். எடை, உயரம், தலை நிறையப் பேன்,
முழங்காலில் தழும்பு, பழையது.
முப்பது நாளுக்குள் பல் டாக்டர்.
அறுபதுக்குள் திட்டம், எல்லார் கையெழுத்தோடும்.
மாதம் ஒருமுறை நான்,
இடப்பக்கம் மட்டும் சூடு தரும் அரசாங்க வண்டியில்
மேய்ன் மாநிலத்தின் வடகோடியில்
உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே நாற்பது மைல்.

கோரலி திபடோ. வயது ஆறு.
செப்டம்பர் ஒன்பது இரவு ஒரு பையோடு வந்தாள்.
பையில் நீச்சல் உடை, இரண்டு வலது கால் ஷூ.
அவசரத்தில் அடுக்கியது நான்தான்.

ஆஸ்ட்லண்ட் வீட்டில் அவளுக்கு முன்னால் பதினொரு பிள்ளைகள்.
ஹால்வர் கேள்வி கேட்பதில்லை,
கிழங்கு லாரியின் முன்சீட்டில் ஏற்றிக்கொள்வார்.
அறுவடைக்காகப் பள்ளிக்கூடம் மூன்று வாரம் மூடியிருந்தது.
அவள் வயலில் கல் பொறுக்கினாள்
நாக்கால் பல்லை ஆட்டிக்கொண்டே.

அரசாங்கக் காப்பீட்டை ஏற்கும் பல் டாக்டர்
பாங்கோரில் இருந்தார், மூன்று மணி நேரம்.
கிடைத்த தேதி எழுபத்தோராம் நாள்.
‘தாமதத்துக்குக் காரணம்’ என்ற கட்டத்தில்
ஒரு வரிக்குத்தான் இடம்.
தூரம் என்று எழுதினேன்.

பல் காத்திருக்கவில்லை.
நாற்பத்தோராம் நாள், என் வருகையின் நடுவில்,
‘இங்கே பயமாக இருக்கிறதா’ என்ற கேள்விக்கும்
‘நன்றாகத் தூங்குகிறாயா’ என்ற கேள்விக்கும் இடையில்
உள்ளங்கையில் துப்பினாள்.
அரிசிப் பல். கொஞ்சம் ரத்தம்.
தலையணைக்கடியில் வைத்தால் காசு கிடைக்குமே என்றார் திருமதி ஆஸ்ட்லண்ட்.
‘இது அம்மாவுக்கு.’
என் கையில் வைத்து
விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

உறையில் போட்டு ஃபைலில் செருகினேன்.
வியாழக்கிழமைச் சந்திப்புக்கு அம்மா வரவில்லை, பஸ் இல்லை.
அடுத்த வியாழன் வந்தாள்; அன்று நான்
வேறொரு வீட்டில், வேறொரு குழந்தையின் மூன்றாம் நாளில்.
மேலதிகாரி பக்கம் புரட்டுகையில் உறை நழுவியது.
ஃபைலில் எலும்பு வைக்க விதி இல்லை என்றார்.
தேடிப் பார்த்தேன். வைக்கக் கூடாது என்றும் இல்லை.

பாங்கோரில், பற்கள் வரைந்த தாளில்
அந்த இடத்தில் ஒரு குறுக்குக் கோடு இட்டார்கள்: இல்லை.
என் பையில் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து
மூடிக்கொண்டேன்.

மார்ச். ஆறு மாத மறு ஆய்வு. முழங்கால் வரை பனி.
ஷான்டெல் திபடோ, இரவல் கோட்டில்.
போதை மீட்பு ஆலோசனை: பதினோரு வாரம் காத்திருந்து இப்போதுதான் தொடக்கம்.
பெற்றோர் வகுப்பு: உண்டு, பஸ் போகாத ஊரில்.
வீடு: வரிசையில் இருநூற்றுச் சொச்சம்.
துறை நியாயமான முயற்சி எடுத்ததா என்றார்கள்.
எடுத்தது என்றேன்.
சத்தியம் செய்திருந்தேன், சொன்னது பொய்யும் இல்லை.
இருபத்திரண்டு மாதத்தில் பதினைந்தைப்
பிள்ளை பிறர் வீட்டில் கழித்தால் வரும் மனு வேறு.
ஆறு போயிற்று.

அவள் வக்கீல் பனியில் மாட்டிக்கொண்டார்.
நீதிபதி வாய்தா கொடுத்தார், அறுபது நாள்.

வெளித் தாழ்வாரத்தில் உறையை நீட்டினேன்.
பிரித்தாள். அழவில்லை.
‘மேல் பல்லா, கீழா?’
மேல். நடுவில், இடப்பக்கம்.
தன் பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.
‘எப்ப விழுந்தது?’
இந்த ஆறு மாதத்தில் அவளாகக் கேட்ட ஒரே தேதி.
என்னிடம் இருந்தது: அக்டோபர் இருபது, மாலை நாலு பத்து.
பேனா கேட்டாள்.
மே மாத விசாரணை தேதி அச்சிட்ட தாளைத் திருப்பி
சுவரில் வைத்து எழுதினாள்.
நாலு பத்து என்பதையும் எழுதினாள்.

அங்கே புதுப்பல் பாதி வந்துவிட்டதை
நான் சொல்லவில்லை.
வியாழன் காலை எட்டுக்கு வாசலில் நில், வருகிறேன் என்றேன்.
கோட்டை அதற்குள் திருப்பிக் கொடுத்துவிடாதே,
வலப்பக்கம் சூடு வராது.